2024 பேட்ச்: ஆஃபர் லெட்டர் இருக்கு, ஜாயினிங் இல்லை. காத்திருக்கலாமா, கிடைச்சதுல சேரலாமா?

திண்டிவனம்காரி · 4 ஆகஸ்ட் 2025

வணக்கம். பி.இ. ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் & கம்யூனிகேஷன்), 2024 பாஸ் அவுட். கவுன்சலிங் சீட். 7.9 சி.ஜி.பி.ஏ., அரியர் ஹிஸ்டரி இல்லை. ஃபைனல் இயர்ல கேம்பஸ் வந்த ஒரு பெரிய ஐ.டி. கம்பெனி எடுத்தாங்க, 3.5 லட்சம் பேக்கேஜ். அதுக்கப்புறம் "பிசினஸ் தேவையைப் பொறுத்து ஜாயினிங் தேதி தெரிவிக்கப்படும்"னு ஒரு மெயில். எப்ப கேட்டாலும் அதே மெயில்தான் திரும்ப வருது. நடுவுல ஆன்லைன் டிரெயினிங் கொடுத்து டெஸ்ட் வச்சாங்க, அதுலயும் பாஸ். தேதி மட்டும் இல்லை.

வீட்டுல 4 லட்சம் கல்விக்கடன். தவணை ஆரம்பிக்கணும்னு பேங்க்ல இருந்து லெட்டர் வந்திருக்கு, மாசம் 6,000 சொச்சம். அப்பா டைலர். தீபாவளி சீசன் தவிர மத்த மாசத்துல அது பெரிய தொகை.

சித்தப்பா அம்பத்தூர்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில அப்ரன்டிஸா சேர்த்துவிடுறேங்கிறார், 9,000 ரூபாய். ஃப்ரெண்ட் ஒருத்தி பெருங்குடியில வாய்ஸ் ப்ராசஸ் (கால் சென்டர்) போறா, கையில 18,000, நைட் ஷிஃப்ட். அம்மா குரூப் 4 எழுதச் சொல்றாங்க. போன வாரம் டி.சி.எஸ். 12,000 பேரைக் குறைக்கப்போகுதுன்னு நியூஸ் பார்த்ததுல இருந்து வீட்டுல யாரும் சரியா பேசிக்கல. ஆஃபர் லெட்டரை நம்பி உட்காரலாமா?

மேன்ஷன்_மணி · 4 ஆகஸ்ட் 2025

தங்கச்சி, நான் 2008 பாஸ் அவுட். செப்டம்பர் 15 அன்னைக்கு அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் பேங்க் விழுந்தப்ப எனக்கு நவம்பர் ஜாயினிங். டிசம்பர்னாங்க, மார்ச்னாங்க. ஜனவரி 7, 2009ல சத்யம் கம்பெனி ராமலிங்க ராஜு, கணக்குல மோசடி பண்ணேன்னு ஒத்துக்கிட்ட லெட்டர் வெளியாச்சு. அதோட மெயில் வர்றதும் நின்னு போச்சு.

திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன், ஒரு ரூம்ல நாலு பேர். காலையில ஓ.எம்.ஆர். பஸ் பிடிச்சு ஒவ்வொரு கம்பெனி கேட்லயும் ரெஸ்யூம் கொடுப்போம். உள்ள விடமாட்டாங்க. செக்யூரிட்டி வாங்கி ஒரு அட்டைப்பெட்டியில போடுவார். ஒருத்தர் மட்டும் மனசு வச்சு, "தம்பி, பி.காம். படிச்சவன் இருந்தா சொல்லு, அவனைத்தான் கேக்குறாங்க. பி.இ.ன்னா மார்க்கெட் திரும்பினதும் ஓடிருவீங்களாம்"னு சொன்னார். உண்மைதான், ஓடியிருப்போம்.

நாலு பேர்ல ஒருத்தன் பேங்க் பரீட்சைக்குப் படிச்சான். அப்ப ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு வரல (அது 2011ல வந்துச்சு), ஒவ்வொரு பேங்க்குக்கும் தனித்தனியா எழுதணும். இப்ப சீனியர் மேனேஜர். ஒருத்தன் ஊருக்குப் போய் காத்திருந்தான். நானும் இன்னொருத்தனும் அசோக் நகர்ல ஒரு மாடிப்படிக் கம்பெனியில 6,000 ரூபாய்க்கு டெஸ்டிங் வேலையில உட்கார்ந்தோம்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 2010ல மார்க்கெட் திரும்பிச்சு, நிஜமாவே திரும்பிச்சு. ஆனா வந்த கம்பெனி எல்லாம் "2010 பேட்ச் மட்டும்"னு போட்டான். ஊர்ல காத்திருந்தவனை ஃப்ரெஷர்னும் எடுக்கல, எக்ஸ்பீரியன்ஸ்னும் எடுக்கல. எங்க ரெண்டு பேருக்கும் சம்பளச் சீட்டு இருந்துச்சு, ஒன்றரை வருஷ அனுபவம்னு உள்ள போயிட்டோம். ஊர்ல இருந்தவன் எங்களைவிட நல்லா கோட் எழுதுவான். ரிசஷன் முடியும், பேட்ச் திரும்ப வராது.

குரோம்பேட்டை_கோடர் · 5 ஆகஸ்ட் 2025

மணி அண்ணா சொல்றது சரி, ஆனா 2008ஐயும் இப்பத்த நிலைமையையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. அப்ப விழுந்த வேகத்துலயே எழுந்துச்சு. இப்ப மெதுவா இறங்கிக்கிட்டே இருக்கு. 2020-21ல கொரோனா சமயத்துல அமெரிக்காவுல வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம், ப்ராஜெக்ட் கொட்டுச்சு, கம்பெனிகள் கண்ணை மூடிக்கிட்டு கேம்பஸ்ல ஆள் எடுத்தாங்க. 2022 மார்ச்ல ஃபெட் (அமெரிக்க மத்திய வங்கி) வட்டியை ஏத்த ஆரம்பிச்சு 2023 ஜூலைக்குள்ள 5.25-5.5 சதவீதத்துக்குக் கொண்டுபோச்சு. கிளையன்ட் பணத்தை இறுக்கிப் பிடிச்சான்.

2023-24 ஒரே நிதியாண்டுல இன்போசிஸ் ஆள் எண்ணிக்கை 25,994 குறைஞ்சது, விப்ரோ 24,516, டி.சி.எஸ். 13,249. இதுல பெரும்பகுதி யாரையும் வெளிய அனுப்பினது இல்லை. போனவங்க இடத்துக்கு ஆள் எடுக்கல, அவ்வளவுதான். அப்படின்னா அடி யாருக்கு விழும்? இன்னும் உள்ளயே போகாதவங்களுக்கு. அது நியூஸ்ல வராது, பிரேக்கிங் நியூஸ் போட அங்க ஆளே இல்லையே.

இன்னொண்ணு, சென்னையில இப்ப வேலை கூடுறது ஜி.சி.சி.களில்தான், அதாவது வெளிநாட்டுக் கம்பெனியோட சொந்த ஆஃபீஸ். அங்க பெரும்பாலும் மூணு, அஞ்சு வருஷ ஆளைத்தான் கேக்குறாங்க. டெஸ்ட் கேஸ் எழுதுறது, சின்ன பக் சரி பண்றதுன்னு ஃப்ரெஷருக்குக் கொடுத்துப் பழக்குற வேலையில ஒரு பங்கை இப்ப ஏ.ஐ. டூல் செய்யுது. அதனால பழைய மாதிரி ஆயிரக்கணக்குல எடுத்து மைசூர்ல, சிறுசேரியில உட்கார வச்சு சொல்லித்தர்ற காலம் அப்படியே திரும்பும்னு நான் நம்பல. ஈ.சி.இ. படிச்சிருக்கீங்க. ஐ.டி.யை மட்டும் ஏன் பார்க்குறீங்க?

வைகைக்கரை_வளர்மதி · 5 ஆகஸ்ட் 2025

பொருளாதாரம் எம்.ஏ. படிக்கிறேன். மணி அண்ணன் சொன்னதை ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. லிசா கான், 2010ல வந்த ஆய்வு. அமெரிக்காவுல 1979ல இருந்து 89 வரைக்கும் படிப்பு முடிச்சவங்களைப் பின்தொடர்ந்தாங்க. படிப்பு முடிக்கிற நேரத்துல வேலையின்மை விகிதம் 1 புள்ளி கூட இருந்தா ஆரம்பச் சம்பளம் 6-7 சதவீதம் குறையுது. 15 வருஷம் கழிச்சும் அந்தக் குறை முழுசா மறையல.

பயப்படாதீங்க, இன்னொரு ஆய்வும் இருக்கு. கனடாவுல ஓரியோபோலஸ், வான் வாக்டர், ஹைஸ் மூணு பேரும் பண்ணது, 2012. அங்க ஒரு சாதாரண ரிசஷன்ல படிப்பு முடிச்சவங்களுக்கு ஆரம்ப அடி 9 சதவீதம் போல, ஆனா பத்து வருஷத்துல ஏறக்குறைய கரைஞ்சிடுது. எப்படிக் கரைஞ்சதுங்கிறதுதான் உங்களுக்கு முக்கியம். சின்ன கம்பெனியில குறைஞ்ச சம்பளத்துல சேர்ந்தவங்க அங்கயே உட்காரல. நிலைமை தெளிஞ்சதும் நல்லா கொடுக்கிற கம்பெனிக்கு மாறினாங்க. முதல் வேலை சின்னதா இருக்கிறதைவிட, அதுல இருந்து வெளிய போக வழி இல்லாம இருக்கிறதுதான் ஆபத்து. எந்த வேலையா இருந்தாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

பேட்ச் பிரச்சினைக்கு ஜப்பான்தான் பெரிய பாடம். அங்க படிக்கிறப்பவே எடுத்து ஏப்ரல் 1ல மொத்தமா சேர்த்துக்குவாங்க. 1993ல இருந்து 2005 வரைக்கும் முடிச்சவங்கள்ல நிறைய பேருக்கு அந்தக் கதவு திறக்கல, தற்காலிக வேலையிலேயே வயசு போச்சு. அவங்க முப்பது, நாற்பது தாண்டின பிறகு 2019ல அரசாங்கம் தனியா திட்டம் போட்டுச்சு. நம்ம ஊர் கேம்பஸ் முறைக்கும் அதே குணம்.

நெல்லைச்சீமை · 5 ஆகஸ்ட் 2025

எல்லாரும் வாய்ஸ் ப்ராசஸை இவ்வளவு கீழா பார்க்காதியபா. நான் நாலு வருசம் இருந்தேன், தமிழ் மீடியத்துல படிச்சவன். இங்கிலீஷ் அங்கதான் வந்துச்சு. இன்னைக்கு சர்வீஸ் மேனேஜ்மென்ட்ல இருக்கேன்னா அதுதான் காரணம். ஆனா ஒண்ணு சொல்லுதேன் தாயி, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்ல கோடிங் படிப்பேன், டெஸ்ட் எழுதுவேன்னு நினைச்சுக்கிட்டுப் போகாத. ரெண்டு மாசம் படிப்ப. அப்புறம் தூங்குவ. போறதா இருந்தா அந்தத் துறையிலயே மேல வர்றதுக்குப் போ.

கரியர்_கைடு_சென்னை · 5 ஆகஸ்ட் 2025

[பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர் · 5 ஆகஸ்ட் 2025

"3 வருட எக்ஸ்பீரியன்ஸ் வித் பே ஸ்லிப், 100% வேலை உத்தரவாதம்" விளம்பரம். இது மூணாவது தடவை, கணக்கை முடக்கியாச்சு. யாராவது அந்த நம்பருக்குப் பணம் போட்டிருந்தா தனிமடல்ல சொல்லுங்க.

ரெஸ்யூம்_படிக்கிறவ · 6 ஆகஸ்ட் 2025

நெறியாளருக்கு நன்றி. பதினோரு வருஷமா ஆள் எடுக்கிற வேலையில இருக்கேன். போலி அனுபவம் எப்படி மாட்டுதுன்னு சொல்றேன், நாலு பேராவது தப்பிக்கட்டும். பேக்கிரவுண்ட் செக்ல முதல்ல பார்க்குறது பி.எஃப். கணக்கு. யு.ஏ.என்.ல (ஒருத்தருக்கு ஒரே பி.எஃப். எண்) எந்தக் கம்பெனி, எந்த மாசம் பணம் கட்டிச்சுன்னு வரிசையா நிக்கும். பே ஸ்லிப்பை ஃபோட்டோஷாப்ல போடலாம், பி.எஃப். பணத்தைப் போட முடியாது. சில கன்சல்டன்சி உஷாரா பி.எஃப்.பும் கட்டுறாங்க. அந்த மாதிரி கம்பெனிப் பேரெல்லாம் எங்களுக்குள்ள ஒரு பட்டியலாவே சுத்துது. சேர்ந்து எட்டு மாசம் கழிச்சு வெளிய போனவங்களைப் பார்த்திருக்கேன். அதுக்கப்புறம் நிஜமான அனுபவத்தையும் எவனும் நம்ப மாட்டான்.

திண்டிவனம்காரிக்கு. அந்த ஆஃபரைத் தூக்கிப் போட வேண்டாம், அதுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தேதி இல்லாத ஆஃபர் லெட்டருக்கு ஹெச்.ஆர். மேசையில மதிப்பு ரொம்பக் கம்மி. நாளைக்குத் தேதி வந்தா அன்னைக்கு முடிவு பண்ணிக்கலாம். ஆனா அதை ரெஸ்யூம்ல "செலக்டட்"னு போடாதீங்க. அடுத்த கம்பெனிக்காரன் "அவன் கூப்பிட்டா ஓடிருவா"ன்னு ஒதுக்கி வச்சிடுவான்.

ஆஃப் கேம்பஸ் டிரைவ் (காலேஜுக்கு வெளிய ஆள் எடுக்கிற தேர்வு) விளம்பரத்துல "2024/2025 பேட்ச்"னு இருக்கும். இன்னும் சில மாசம் வரைக்கும் உங்களுக்கு அதுல இடம் இருக்கு. 2026 பசங்க வெளிய வந்ததும் 2024ங்கிற எண் அதுல இருந்து உதிரும். அதுவரைக்கும் வர்ற ஒவ்வொரு டிரைவும் எழுதுங்க, வேலையில இருந்துகிட்டே எழுதுங்க.

ஓய்வு_காசாளர் · 6 ஆகஸ்ட் 2025

அம்மா, வேலை விஷயம் இளைஞர்கள் பேசட்டும். நான் வங்கியில் 34 வருடம் இருந்தவன், அந்த 6,000 ரூபாய் எனக்கு உறுத்துகிறது. 4 லட்சத்துக்கு பத்தரை சதவீதம், 15 வருடம் என்று வைத்தால் தவணை 4,400 சுமாருக்குத்தான் வரும். 6,000 வருகிறது என்றால், நீங்கள் படித்த காலத்து வட்டி ஒன்றரை லட்சம் அளவுக்கு அசலோடு சேர்ந்திருக்க வேண்டும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்திருந்தால், படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் சேர்த்து அந்த வட்டியை மத்திய அரசு மானியமாகக் கொடுத்திருக்க வேண்டும். வருமானச் சான்றிதழை வருவாய்த் துறையில் வாங்கிக் கொடுத்தீர்களா? கொடுத்தும் கிளையில் கிளெய்ம் போடாமல் விட்ட கேஸ்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட் கேளுங்கள், அதில் மானியம் வரவு வைத்த வரி இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது, வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே, வேலை இல்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க இடம் உண்டு. ஒரு முறைக்கு ஆறு மாதத்துக்கு மிகாமல், கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை. மேலாளர் தானாகச் சொல்லமாட்டார். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தவணை தவறிய பிறகு போய் நிற்காதீர்கள், சிபில் கெட்டுவிடும். இப்போதே போங்கள். அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள், கடனில் அவரும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

கோவை_மெக் · 6 ஆகஸ்ட் 2025

குறுக்க வர்றேனுங்க, மன்னிக்கோணும். நானும் 2024தான், மெக்கானிக்கல். இங்க ஒரு சின்ன கம்பெனியில 14,000க்கு கூப்பிடறாங்க. ஒரிஜினல் டிகிரி, மார்க் ஷீட் எல்லாம் அவங்ககிட்ட கொடுக்கோணுமாம். ரெண்டு வருஷ பாண்ட், நடுவுல போனா 2 லட்சம். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது, கையெழுத்துப் போட்டுட்டு வா"ங்கறாங்க. நிஜமாங்க?

கருப்பு_அங்கி · 6 ஆகஸ்ட் 2025

அரைகுறை நிஜம். "எங்கயும் வேலைக்குப் போகக்கூடாது"ன்னு தடுக்கிற ஒப்பந்தம் 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27ன்படி செல்லாது. அதுக்காக எல்லா பாண்டும் செல்லாதுன்னு ஆகிடாது. 2025 மே மாசம் விஜயா வங்கி வழக்குல, மூணு வருஷத்துக்கு முன்ன விலகினா 2 லட்சம் கட்டணும்ங்கிற நிபந்தனை செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அது அரசு வங்கி, பொதுத் தேர்வு நடத்தி ஆள் எடுக்கிற செலவு இருக்குன்னு காரணம் சொன்னாங்க. உங்க கம்பெனி என்ன பயிற்சி தருது, அதுக்கு என்ன செலவுன்னு அவன் காட்டணும். பிரிவு 74படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதின தொகை முழுசும் இல்லை. ஆனாலும் வழக்குன்னு வந்தா அலையப்போறது நீங்கதான். பேசிக் குறைக்கப் பாருங்க.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்கவே கொடுக்காதீங்க. சரிபார்த்துட்டுத் திருப்பித் தரட்டும், அட்டெஸ்டட் நகல் வச்சுக்கட்டும். அதுக்கு ஒத்துக்கலைன்னா, உங்களை எப்படி நடத்தப்போறான்னு இப்பவே சொல்லிட்டான்.

எஸ்டேட்_ஏழாவது_தெரு · 7 ஆகஸ்ட் 2025

அம்பத்தூர் பத்திப் பேச்சு வந்ததால எழுதுறேன். ஒரு பி.சி.பி. அசெம்பிளி (சர்க்யூட் போர்டு தயாரிக்கிற) கம்பெனியில டெஸ்ட் பிரிவுல இருக்கேன். இந்த ஏரியாவுல இருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரைக்கும் எலக்ட்ரானிக்ஸ்ல ஆள் எடுக்கிறது நிக்கல. சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது, அதை முதல்லயே சொல்லிடறேன். டிப்ளமோ தம்பிங்க கூடத்தான் ஷிஃப்ட் போடணும், அவங்களுக்கு நம்மளைவிட கை வேலை தெரியும்.

அப்ரன்டிஸ்னு சேர்ந்தா எந்த லைன்ல போடுறாங்கன்னு கேளுங்க. எஸ்.எம்.டி. லைன்ல (மெஷின் போர்டுல பாகங்களை ஒட்டுற இடம்) ஆபரேட்டர் பக்கத்துல நிறுத்தி பாகங்கள் சுத்தின ரீல் மாத்த விட்டாங்கன்னா ஒரு வருஷம் கழிச்சும் ரீல்தான் மாத்துவீங்க. ஏ.ஓ.ஐ. மெஷின்ல (கேமராவால போர்டைச் சரிபார்க்கிறது) போட்டா கொஞ்சம் பரவாயில்லை. கேமரா "தப்பு"ன்னு காட்டுற போர்டுல பாதி நல்ல போர்டாத்தான் இருக்கும். எது நிஜமான சால்டர் குறை, எது வெளிச்சம் பட்டு மெஷின் ஏமாந்ததுன்னு தினம் பார்த்துப் பார்த்து கண்ணு பழகும். எனக்குக் கேட்டா டெஸ்ட், டீபக் பிரிவுதான் வேணும்னு நில்லுங்க. ஓடாத போர்டை மேசையில வச்சு, ஸ்கீமேட்டிக்கை (சர்க்யூட் வரைபடம்) விரிச்சு, எந்த இடத்துல வோல்டேஜ் காணாமப் போச்சுன்னு தேடுறது. காலேஜ்ல நாலு வருஷம் படிச்சது என்னன்னு அங்கதான் எனக்குப் புரிஞ்சது. எம்பெடட் (கருவிக்குள்ள இருக்கிற சிப்புக்கு ப்ரோகிராம் எழுதுறது) பக்கம் போறதுக்கு அதுதான் வாசல்.

9,000ங்கிறது பட்டதாரி அப்ரன்டிஸுக்கு 2019 விதிப்படி குறைஞ்சபட்சம். அதுல பாதி, 4,500, மத்திய அரசு கொடுக்குது. அதனால அதுக்கு மேல தரக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லை, கேட்டுப் பாருங்க. நேட்ஸ் போர்ட்டல்ல (மத்திய அரசோட அப்ரன்டிஸ் பதிவுத் தளம்) கான்ட்ராக்ட் ஏத்தியிருக்காங்களான்னு பார்க்கணும். தரமணியில இருக்கிற அப்ரன்டிஸ் பயிற்சி வாரியம் வழியா வர்றதுதான் கணக்கு. போர்ட்டல்ல ஏத்தாம வாயால "அப்ரன்டிஸ்"னு சொன்னா அது சும்மா குறைஞ்ச கூலி.

குரோம்பேட்டை_கோடர் · 7 ஆகஸ்ட் 2025

குரூப் 4 பத்தி யாருமே சொல்லல. இந்த வருஷத் தேர்வு ஜூலை 12 அன்னைக்கே முடிஞ்சது. 3,935 இடம், எழுதினவங்க பத்து லட்சத்துக்கு மேல. அம்மாகிட்ட இந்த ரெண்டு எண்ணை மட்டும் சொல்லுங்க. படிக்கக்கூடாதுன்னு சொல்லல, அதை மட்டுமே நம்பி வீட்டுல உட்காரக்கூடாது.

மேன்ஷன்_மணி · 7 ஆகஸ்ட் 2025

அம்மாக்கள்கிட்ட எண்ணைச் சொல்லி யாரும் ஜெயிச்சதில்ல தம்பி.

திண்டிவனம்காரி · 19 ஆகஸ்ட் 2025

லேட்டா வர்றேன், மன்னிச்சுக்கோங்க. எல்லாருக்கும் நன்றி.

காசாளர் ஐயா, அப்பாவோட பேங்க்குக்குப் போனேன். ஸ்டேட்மென்ட்ல முதல் ரெண்டு வருஷத்துக்கு மட்டும் மானியம் வந்திருக்கு, மீதிக்கு இல்லை. வருமானச் சான்றிதழ் கொடுத்ததுக்கு எங்ககிட்ட நகல் இருந்துச்சு. மேனேஜர் புதுசு, "பார்க்குறேன்"னார். எழுத்துல கொடுத்து சீல் வாங்கிட்டோம், தள்ளிவைக்கிற விண்ணப்பமும் சேர்த்து. அப்பா முதல்ல சீல் கேக்கக் கூச்சப்பட்டார்.

அம்பத்தூர் போயிட்டு வந்தேன். சித்தப்பா சொன்னது ப்ரொடக்ஷன் லைன். ஏழாவது தெரு அண்ணா சொன்ன மாதிரி டெஸ்ட் பிரிவு கேட்டேன். அந்தக் கம்பெனிக்காரர் ஒரு போர்டையும் மல்டிமீட்டரையும் கையில கொடுத்து, "3.3 வோல்ட் வரல, ஏன்னு சொல்லு"ன்னார். ரெகுலேட்டர் இன்புட்ல 5 வோல்ட் இருக்கு, அவுட்புட்ல இல்லை. சப்ளையை எடுத்துட்டு கிரவுண்டுக்கும் அவுட்புட்டுக்கும் கன்டினியூட்டி (ரெண்டும் நேரா இணைஞ்சிருக்கான்னு பார்க்கிறது) வச்சா பீப் அடிக்குது. ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட்னு சொன்னேன். எதுன்னு கேட்டார், அது தெரியல. "ஒண்ணொண்ணா கழட்டுவியா?"ன்னு சிரிச்சார். டெஸ்ட் பிரிவுல போடுறேன், 12,000 தர்றேன், போர்ட்டல்ல ஏத்துறேன்னு சொல்லியிருக்கார். செப்டம்பர் 1 சேரணும்.

ரெண்டு சந்தேகம். பி.எஃப். பிடிப்பாங்களான்னு கேட்டேன், அப்ரன்டிஸுக்குக் கிடையாதுங்கிறாங்க. அப்ப மணி அண்ணா, ரெஸ்யூம் அக்கா சொன்ன ரெக்கார்டு எனக்கு இருக்காதா? நடுவுல ஐ.டி. கம்பெனி கூப்பிட்டா என்ன பண்றது?

ரெஸ்யூம்_படிக்கிறவ · 19 ஆகஸ்ட் 2025

அவங்க சொன்னது சரி. அப்ரன்டிஸ் சட்டத்துல சேர்ந்தவங்க பி.எஃப். கணக்குல "ஊழியர்" இல்லை. உங்களுக்கு ரெக்கார்டு, போர்ட்டல்ல இருக்கிற கான்ட்ராக்டும் முடிச்சதும் வாரியம் தர்ற சான்றிதழும். அதை வெரிஃபை பண்ண முடியும், ஏத்துக்குவோம். ஸ்டைபண்ட் கையில வேண்டாம், பேங்க் கணக்குல வாங்குங்க.

கூப்பிட்டா என்ன பண்றதுன்னு கூப்பிடறப்ப பார்க்கலாம். அப்ரன்டிஸ் கான்ட்ராக்டை நடுவுல முறிக்க என்ன விதின்னு கையெழுத்துக்கு முன்ன படிச்சு வச்சுக்கோங்க, அது போதும்.

எஸ்டேட்_ஏழாவது_தெரு · 19 ஆகஸ்ட் 2025

அந்த கெப்பாசிட்டர் விஷயம். கழட்ட வேண்டாம். கரண்ட் லிமிட் வச்ச பவர் சப்ளையில இருந்து அந்த லைனுக்குக் குறைஞ்ச வோல்டேஜ் கொடுங்க, 1 வோல்ட் போதும். ஷார்ட் ஆனது சூடாகும். போர்டு மேல கொஞ்சம் ஐ.பி.ஏ. (சீக்கிரம் காயுற ஆல்கஹால்) தடவினா அந்த இடம்தான் முதல்ல காயும். தெர்மல் கேமரா எல்லாம் பெரிய கம்பெனிக்கு. 1ஆம் தேதி போனதும் அவர்கிட்ட செஞ்சு காட்டுங்க.

கோவை_மெக் · 20 ஆகஸ்ட் 2025

அக்கா வாழ்த்துங்க. நான் ஒரிஜினல் தரமாட்டேன்னு சொன்னேன், வேற ஆள் பார்த்துக்கறோம்னுட்டாங்க. நேட்ஸ்ல கோவைப் பக்கம் பம்ப், மோட்டார் கம்பெனி ஏதாச்சும் தேட எந்த டிரேடுன்னு போடோணும்?

எஸ்டேட்_ஏழாவது_தெரு · 20 ஆகஸ்ட் 2025

தம்பி, உங்களுக்குத் தனி இழை போடுங்க. ஃபவுண்டரியில இருக்கிற ரெண்டு பேர் இங்க உண்டு, அவங்களைக் கூப்பிட்டு விடுறேன்.